ஓதப்பூட்டு, ஒருமுகச்சுழற்சி: இரண்டு சொற்களும் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஒரு விண்பொருளின் தற்சுழற்சி, அருகிலுள்ள மற்றொன்றின் ஈர்ப்பால் தன் சுற்றுப்பாதை இயக்கத்தோடு இணைந்துவிடுவதை ஆங்கிலத்தில் ‘டைடல் லாக்கிங்’ என்கிறார்கள். அதற்கு ஏற்ற தமிழ்ச்சொல்லாக இந்த இழையில் இதுவரை அலைப்பூட்டு, வற்றுப்பெருக்குப் பூட்டு, ஒருமுகச்சுழற்சி ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. கடலின் ஏற்றவற்றத்தைக் குறிக்கும் ஓதம் என்ற சொல்லைக்கொண்டு ஓதப்பூட்டு என்பதை நான் முன்வைக்கிறேன். இவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு முன், இரு வேறு கருத்துகளை ஒரே சொல்லில் அடைக்கப் பார்க்கிறோமோ என்ற என் ஐயத்தைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க, ஒரு கோளையே எடுத்துக்கொள்வோம்.

எல்எச்எஸ் 3844 பி என்ற பாறைக்கோள் நம்மிடமிருந்து ஏறத்தாழ 49 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு செங்குறுமீனை, அதாவது சிறிய, மங்கலான சிவப்பு விண்மீனைச் சுற்றிவருகிறது. நாசாவின் கோள்தேடும் விண்கலமான டெஸ்ஸின் தரவுகளில் 2018இல் கண்டறியப்பட்ட அதன் ஆரம், புவியின் ஆரத்தைப்போல் 1.3 மடங்கு. தன் விண்மீனை ஒருமுறை சுற்றிவர அதற்கு 11 மணி நேரம்தான் ஆகிறது. இடைப்பட்ட தொலைவோ பத்து லட்சம் கிலோமீட்டருக்கும் குறைவு. சூரியனுக்கும் புதனுக்கும் இடையே சராசரியாக 5.8 கோடி கிலோமீட்டர் இருக்கிறது என்பதோடு ஒப்பிட்டால் இந்த நெருக்கம் விளங்கும். (கோஸ்டா ரிக்காவின் பழங்குடி மொழியான பிரிப்ரியிலிருந்து, வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும் ‘குவாகுவா’ என்ற பெயரைப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் இக்கோளுக்கு 2023இல் ஏற்றுக்கொண்டது என்பதையும் மகிழ்ச்சியோடு இங்கே குறிப்பிடுகிறேன்.)

விண்மீன் கோளின் அருகுப்பக்கத்தை அதன் தொலைப்பக்கத்தைவிட வலுவாக இழுப்பதால் எழுவது ஓதவிசை. தொலைவு பாதியானால் இந்த விசை எட்டு மடங்காகும். ஆகவே இவ்வளவு அருகிலுள்ள கோளின் பாறையுடல், விண்மீனை நோக்கிய பக்கத்திலும் அதற்கு நேரெதிர்ப் பக்கத்திலும் சற்றே புடைக்கிறது. கோள் விரைவாகத் தற்சுழலும்போது அப்புடைப்பு விண்மீனின் நேர்கோட்டை விட்டு முன்னே தள்ளப்பட, விண்மீன் அதைப் பின்னுக்கு இழுக்க, பாறைக்குள் உராய்வினால் ஆற்றல் வெப்பமாகக் கழிந்து, தற்சுழற்சி படிப்படியாகத் தளர்கிறது. தற்சுழற்சிக் காலமும் சுற்றுக்காலமும் ஒன்றானதும் அந்தத் தளர்ச்சி நின்றுவிடுகிறது. நிலா 27.3 நாளில் தன்னையும் சுற்றி நம்மையும் சுற்றுவதால் அதன் ஒரே முகத்தைத்தான் நாம் காண்கிறோம், காரணம் இதுவே.

இங்கே கடலும் இல்லை, அலையும் இல்லை. காற்றால் எழும் அலைக்கும் ஈர்ப்பால் எழும் ஏற்றவற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை அலைப்பூட்டு என்ற சொல் அழித்துவிடும் என்பதால் அதை நான் முற்றாக மறுக்கிறேன். வற்றுப்பெருக்கு ஈழத்துப் பாடநூல்களில் வேரூன்றிய அருமையான சொல்; கடலைப் பற்றி எழுதும்போது அதையே நானும் விரும்புவேன். ஆனால் வற்றுவதும் பெருகுவதும் நீரின் தொழில்கள், பாறையின் தொழில்கள் அல்ல. ஓதமும் நெய்தல் நிலத்துச் சொல்தானே, போதாக்குறைக்குச் சுவரில் ஏறும் ஈரத்தையும் ஓதம் என்கிறோமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. எனினும் அச்சொல்லுக்குள் நீரின் வினை எதுவும் வெளிப்படையாக இல்லாததால், பொருளை விரித்துக்கொள்ள அது இடம் தருகிறது. நிலாவின் இழுப்பால் புவியின் திண்தரையே நாள்தோறும் சில பத்து சென்டிமீட்டர் உயர்ந்து தாழ்கிறது. அதை ‘நில ஓதம்’ என்று எழுதினால் எந்த வாசகரும் இடறமாட்டார்.

“பூட்டு என்றவுடன் சாவிதான் நினைவுக்கு வருகிறது” என்ற மறுப்புக்கு என் விடை: ஏர் பூட்டுகிறோம், வண்டியில் மாடு பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டினார்கள். ஒன்றின் இயக்கத்தை மற்றொன்றோடு இணைப்பது இந்த வினையின் பழைய பொருள்களுள் ஒன்று. தற்சுழற்சி சுற்றுப்பாதை இயக்கத்தோடு பூட்டப்படுகிறது என்பது இயற்பியலுக்கும் பொருந்துகிறது. ஓதத்தால் பூட்டுண்ட கோள், பூட்டுறாத கோள் என்றெல்லாம் வினையாகவும் அது தடையின்றி வளைகிறது.

அப்படியானால் ஒருமுகச்சுழற்சி எதற்கு? புதன் கோளை நினைத்துப்பாருங்கள். புதனும் சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டுகிறது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1965இல் போர்ட்டோ ரிக்கோவிலுள்ள அரெசிபோ வானாய்வகத்திலிருந்து ரேடார் கொண்டு அளந்தபோது, அது சுமார் 59 நாளுக்கு ஒருமுறை தற்சுழல்வது தெரிந்தது. அதன் ஆண்டோ 88 நாள். அதாவது இரண்டு முறை சூரியனைச் சுற்றுவதற்குள் மூன்று முறை தற்சுழல்கிறது. ஓதவிசைதான் அதையும் தளர்த்தி இந்த விகிதத்தில் நிறுத்தியது. ஆனால் அதற்கு ஒரே முகம் என்பது கிடையாது. எனவே காரணத்தைச் சொல்ல ஓதப்பூட்டு, அதன் விளைவுகளுள் ஒன்றைச் சொல்ல ஒருமுகச்சுழற்சி என இரண்டையும் வைத்துக்கொள்வோம். நிலா இரண்டுக்கும் எடுத்துக்காட்டு. புதன் முதலாவதற்கு மட்டும்.

இந்தக் கவனம் எல்எச்எஸ் 3844 பி பற்றி எழுதும்போதும் தேவைப்படுகிறது. ஸ்பிட்சர் தொலைநோக்கியின் அகச்சிவப்பு அளவீடுகளைக் கொண்டு லாரா கிரைட்பெர்க் குழுவினர் 2019இல் வெளியிட்ட முடிவின்படி, அதன் பகற்பக்கம் ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தகிக்கிறது. இராப்பக்கத்திலிருந்து கண்டறியத்தக்க வெப்பம் ஏதும் வரவில்லை. அடர்ந்த வளிமண்டலம் இருந்திருந்தால் காற்று வெப்பத்தை மறுபக்கத்துக்குச் சுமந்து சென்றிருக்கும். ஆனால் அதன் தற்சுழற்சியை யாரும் நேரடியாக அளக்கவில்லை. நெருக்கத்தையும் இந்த வெப்பப் பரவலையும் வைத்து, அது பூட்டுண்டிருப்பதாக உய்த்துணர்கிறார்கள். ஆகவே ‘ஓதப்பூட்டு உற்றதாகக் கருதப்படும் கோள்’ என்று எழுதுவதே சரி.

துணைச்சொற்களாக நிலைப்பகற்பக்கம், நிலையிராப்பக்கம் ஆகியவற்றையும், இரண்டும் சந்திக்கும் எல்லைக்கு அந்திவட்டம் என்பதையும் முன்மொழிகிறேன். விடிதலும் சாய்தலும் இல்லாத அவ்விடத்துக்கு, காலையந்தி, மாலையந்தி என இரண்டிலும் வழங்கும் சொல் பொருத்தமானது.

புதனின் மூன்றுக்கு இரண்டு விகிதத்துக்குத் ‘ரெசொனன்ஸ்’ என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் தரும் ஒத்ததிர்வு எனக்கு ஒவ்வவில்லை, ஏனெனில் அங்கே அதிர்வது எதுவும் இல்லை. ஈழத்து வழக்கான ‘பரிவு’ என்பதை எடுத்து, ‘சுழற்சிப் பரிவு’ என்று ஆளலாமா என நண்பர்கள் சொல்லுங்கள்.