பேட்டரிக்குத் தமிழ் என்ன? ஜொகூர் பீரங்கிகளை முன்வைத்து

அன்பர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர் சாங்கியில் இருந்த ஜொகூர் பேட்டரி என்ற கரையோரப் பீரங்கிகளைப் பற்றிய ஒரு குறிப்பை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். "ஜொகூர் மின்கலம்" என்று வந்தது! சிரித்து முடித்த பிறகு யோசித்தால், இயந்திரத்தை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. நம்மிடமே இதற்கு நிலைத்த சொல் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், மின்சாரம்தான் பீரங்கியிடம் கடன் வாங்கியது. அடிப்பது என்ற பொருள்கொண்ட பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த பேட்டரி, வரிசையாக நின்று சுடும் பீரங்கிகளின் பெயராயிற்று. 1740களின் இறுதியில் பெஞ்சமின் பிராங்க்ளின், மின்னேற்றம் சேமிக்கும் லெய்டன் சாடிகளை ஒன்றாக இணைத்து அதே பெயரால் அழைத்தார். பல சேர்ந்து ஒன்றாகத் தாக்குவதுதான் அந்தச் சொல்லின் உயிர். நம் சொல்லும் அதை விட்டுவிடக் கூடாது.

இதுவரை வந்த முன்மொழிவுகளில் "பீரங்கித் தளம்" எனக்கு ஒட்டவில்லை. அந்தப் பீரங்கிகள் காத்து நின்றதே செம்பவாங் கடற்படைத் தளத்தை. தளத்தைக் காக்கும் தளம் என்று எழுத நேரும். "கோட்டை"யும் சரிவராது. சிங்கப்பூரிலேயே உள்ள சிலோசோ ஒரு கோட்டை. அதன் பேட்டரி அதற்குள் இருந்தது. "கொத்தளம்" கோட்டை மதிலின் ஓர் உறுப்பு, அதற்கு ஏற்கனவே வேலை இருக்கிறது.

ஜொகூர் பேட்டரியையே எடுத்துக்கொள்வோம். 15 அங்குலப் பீரங்கிகள் மூன்று. 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவுக்கு ஜொகூர் சுல்தான் இப்ராகிம் கொடுத்த ஐந்து லட்சம் பவுண்டு நன்கொடையால் அந்தப் பெயர் வந்தது. மூன்றும் ஒரே சுவருக்குள் நிற்கவில்லை. தள்ளித் தள்ளி, தனித்தனி மேடைகளில் நின்றன. ஆனால் இலக்கின் தூரமும் திசையும் ஒரே கட்டளையாக மூன்றுக்கும் போகும். ஆகவே பேட்டரி என்பது இடம் அல்ல, ஒரு கட்டளைக்குக் கீழ்ப்பட்ட கூட்டு. எனவே என் முன்மொழிவு "பீரங்கி அணி". துறைமுகக் காவலுக்கு உரியது "கரைப்பீரங்கி அணி". ஒவ்வொரு பீரங்கியும் நிற்கும் இடம் "பீரங்கி மேடை".

சொல்லில் இவ்வளவு கறாராக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. "சிங்கப்பூர்ப் பீரங்கிகள் எல்லாம் தப்பான திசையில், கடலைப் பார்த்தே நின்றன" என்ற கதையை எல்லாரும் கேட்டிருப்போம். அசையாத கோட்டை என்ற படம் மனதில் இருந்தால் அது எளிதில் ஒட்டிக்கொள்ளும். உண்மையில், 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் வடக்கிலிருந்து தாக்கியபோது, ஜொகூர் அணியின் பீரங்கிகளில் இரண்டு வடக்கே திரும்பித் தரை இலக்குகளைச் சுட்டன. தீவின் இன்னொரு பகுதியான போனா விஸ்டாவில் இருந்த மற்ற இரண்டு 15 அங்குலப் பீரங்கிகளால்தான் அப்படித் திரும்ப முடியவில்லை. பெரிய சிக்கல் குண்டில் இருந்தது. இருப்பில் பெரும்பாலானவை கப்பலின் கவசத்தைத் துளைத்து உள்ளே போய் வெடிக்கும் வகை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 880 கிலோ. போர்க்கப்பலுக்கு எமன், சேற்று நிலத்தில் விழுந்தால் ஆழப் புதைந்து வெடிக்கும், மேலே பரவி நிற்கும் காலாட்படைக்குச் சேதம் குறைவு. பிப்ரவரி 12இல் பிரிட்டிஷாரே பீரங்கிகளைத் தகர்த்தார்கள். மூன்று நாளில் சரணடைவு.

இங்கே இன்னொரு சொல்லும் வேண்டியிருக்கிறது: பீரங்கி சுடும் குண்டுக்கு, ஆங்கிலத்தில் ஷெல். "குண்டு" என்றால் கைக்குண்டு, வெடிகுண்டு, துப்பாக்கிக் குண்டு எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

* * *

ஐயா, வணக்கம்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். நீங்கள் தேடும் சொல் எங்களிடம் பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. இலங்கையில் அதை "எறிகணை" என்போம். எங்கள் அம்மம்மாவுக்கும் தெரியும். அகராதி பார்த்துக் கற்றதல்ல, பதுங்குகுழிக்குள் இருந்து கற்றது. ஆகவே "கவசம்துளை எறிகணை" என்றால் எங்கள் பக்கம் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ஆனால் ஆட்லறியை (ஆர்ட்டிலரி, அதாவது பெரிய பீரங்கி) ஆட்லறி என்றேதான் சொன்னோம், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"அணி"யில் எனக்கு ஒரு தயக்கம். அது கிரிக்கெட் அணியாகவும், மகளிர் அணியாகவும், உவமை அணியாகவும் ஏற்கனவே அலைகிறது. "பீரங்கித் தொகுதி" போதாதா?

* * *

அம்மா, எறிகணைக்கு நன்றி. இனி அதையே எழுதுவேன்.

"தொகுதி" என்றதும் இங்கே சட்டமன்றத் தேர்தல்தான் நினைவுக்கு வரும்! அதை விடுங்கள். கிடங்கில் அடுக்கி வைத்த பத்துப் பீரங்கிகளும் ஒரு தொகுதிதான். அணியில் ஒழுங்கும் கட்டளையும் இருக்கிறது. "அணிவகுத்தனர்" என்றால் யாரும் நகையை நினைப்பதில்லை. முன்னால் "பீரங்கி" நிற்கும்போது குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

அப்புறம், சாங்கியில் 1991இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட நிலத்தடி அறைகளுக்கு "வெடிமருந்துக் கிடங்கு" போதும், புதுச்சொல் வேண்டாம். பீரங்கி இடவலமாகத் திரும்பும் அளவுக்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை. "திரும்பு கோணம்" என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். செம்மையான ஒன்று தோன்றினால் மாற்றிவிடலாம்.