1998 ஜென்: இன்ஜினை மாற்றலாமா, இருப்பதையே சரி செய்யலாமா?

அம்பை ஜென்:
அண்ணாச்சிமாரே, வணக்கம். ஒரு முடிவுக்கு வர முடியாமல் கிடக்கிறேன். அப்பா வாங்கிய 1998 மாருதி ஜென், கார்புரேட்டர் மாடல், டிஎன்-72 பதிவு. அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வேலைக்குப் போக எடுக்கிறேன். கொஞ்ச நாளாக ஆயில் குடிக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நீலப் புகை. ஏற்றத்தில் இழுவையே இல்லை. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், "இன்ஜின் போச்சு, செகண்ட்ஸில் ஒன்று இருக்கிறது, கூலியோடு 45,000 ஆகும், அட்வான்ஸ் கொடுங்க" என்கிறார். வண்டியை விற்றால்கூட அந்தப் பணம் தேறாது. வேறு மாடல் இன்ஜினைத் தூக்கி வைக்கலாம் என்கிறான் கூட்டாளி ஒருவன். என்ன செய்யட்டும்?

நாலுவழிச் சாலை:
யோசிக்கவே வேண்டாம் வே. மாருதி எஸ்டீம் காரோட 1.3 லிட்டர் இன்ஜின் போடும். ரெண்டும் ஒரே ஜி வகை இன்ஜின்தான். நாங்குநேரி தாண்டி வள்ளியூர் வரை நாலு வழியில் பறக்கும்.

ஸ்பேனர் நெல்லை:
பறக்கிறது இருக்கட்டும். தம்பி, உம்ம மெக்கானிக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் வரும் அழுத்தம், பார்த்துவிட்டுச் சொன்னாரா, புகையைப் பார்த்துச் சொன்னாரா? நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, அவ்வளவுதான். அது மேலே வால்வைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் வழியாகவும் இறங்கலாம், கீழே பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் வழியாகவும் ஏறலாம். முதலாவது சின்ன வேலை. இரண்டாவதுக்குத்தான் இன்ஜினை இறக்க வேண்டும்.

புகை எப்போது வருகிறது என்று கவனியும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுக்கும்போது ஒரு கொத்து வந்துவிட்டு நின்றுவிடுகிறதா? வண்ணார்பேட்டை சிக்னலில் ஐடிலில் கிடந்துவிட்டுக் கிளம்பும்போது வருகிறதா? அப்படியானால் சீல் மேல்தான் சந்தேகம். இன்னொன்று, பாபநாசத்திலிருந்து அகஸ்தியர் அருவி வரை ஏறும். இறங்கும்போது இரண்டாவது கியரில் விட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் வாரும். அந்த நேரத்தில் இன்ஜினுக்குள் உறிஞ்சல் பலமாக இருக்கும், தேய்ந்த சீல் வழியாக ஆயிலை இழுத்துவிடும். கீழே வந்து ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் பின்னால் வருகிறவன் புகையில் திட்டினால் சீல்தான் காரணம். ரிங் போயிருந்தால் இப்படி நேரம் பார்த்து வராது. அழுத்தும்போதெல்லாம் தள்ளும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தாலும் குபுகுபுவென்று ஆவி அடிக்கும்.

அப்புறம் கம்ப்ரஷன். இன்ஜின் சூடானதும் நாலு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லும். இந்த இன்ஜினுக்குப் புதிதில் சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ. 12-க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோதான் கவலை. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றித் திரும்பப் பாரும். சட்டென்று ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் (இன்ஜினின் மேல்பாகம்) கேஸ்கட். இதற்கு அரை நாள்கூட ஆகாது. அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

புக்கு பார்ட்டி:
எஸ்டீம் யோசனைக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆர்சியில் 993 சிசி என்று இருக்கிறது. அதில் 1298 சிசியைத் தூக்கி வைத்தால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 குறுக்கே நிற்கும். கம்பெனி கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே மாடல் இன்ஜினாக இருந்தாலும் ஆர்டிஓ அனுமதி வாங்கி, புது இன்ஜின் நம்பரை ஆர்சியில் ஏற்ற வேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று காகிதம் இருக்க வேண்டும். உங்கள் மெக்கானிக்கிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ்காரர் பார்ப்பதில் இன்ஜின் நம்பரும் ஒன்று.

இன்னொரு கணக்கு. 1998 வண்டி 15 வருடம் முடிந்து பதிவை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்திருப்பீர்கள், அடுத்தது 2028. 20 வயது தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025-ல் 10,000 ஆகிவிட்டது. அதையும் மனதில் வைத்துச் செலவு செய்யுங்கள்.

நாலுவழிச் சாலை:
சரி அண்ணாச்சி, எஸ்டீமை விடுங்க. ஆல்டோ கே10 இன்ஜின் 998 சிசிதானே, கிட்டத்தட்ட அதே அளவு?

ஸ்பேனர் நெல்லை:
அளவு கிட்ட வரும், மற்றதெல்லாம் எட்டிப் போகும். அது மூணு சிலிண்டர், இது நாலு. மவுண்டிங் வேறு, கியர்பாக்ஸ் வேறு, ஆக்ஸில் நீளம் பார்க்க வேண்டும். அது கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன், எனவே எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப், ஈசியூ என்கிற கம்ப்யூட்டர், சென்சார், முழு வயரிங் எல்லாம் வேண்டும். ஜென்னில் இருப்பது மெக்கானிக்கல் பம்ப். வெல்டிங் கடைக்கும் எலக்ட்ரீஷியன் கடைக்கும் நடந்தே செருப்புத் தேயும். ரோட்டில் நின்றால் எந்த மெக்கானிக்கும் கை வைக்க மாட்டான். ஆசைக்குச் செய்கிறவர் செய்யட்டும், வேலைக்குப் போகிற வண்டியில் வேண்டாம்.

உவரிக் காற்று:
இன்ஜினை விடுங்க, பாடி எப்படி? எங்கள் பக்கம் உப்புக் காற்றில் ஓட்டை விழுந்த ஜென்னுக்கு நல்ல இன்ஜின் போட்டு, அடுத்த மழைக்கே டிங்கரிங் கடையில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே விரித்திருக்கும் மேட்டைத் தூக்கி ஃப்ளோரைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து முன்பக்க ஷாக் அப்சார்பர் மேலே போல்ட் போட்டிருக்கும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் ஒரு பைசா செலவு செய்யாதீர்கள், நான் சொன்னேன் என்று விற்றுவிடுங்கள்.

அம்பை ஜென்:
பார்த்துவிட்டு வந்தேன். ஃப்ளோரில் ஒரு இடத்தில் மேல் துரு, குத்தினால் போகவில்லை. முன்பக்கம் கெட்டியாக இருக்கிறது. கம்ப்ரஷன் வேறு கடையில் பார்த்தேன்: 13, 12.5, 12.5, 13. ஆயில் ஊற்றியும் பெரிதாக ஏறவில்லை. அருவி ரோட்டில் இறங்கி வந்து அழுத்தியதும் புகை வந்தது, அப்புறம் தெளிந்துவிட்டது. ஆனால் இழுவை ஏன் இல்லை? அதுதான் இன்னும் புரியவில்லை.

ஸ்பேனர் நெல்லை:
27 வயது வண்டிக்கு இது நல்ல கம்ப்ரஷன். இன்ஜினை இறக்குகிற பேச்சே வேண்டாம், வால்வு சீல் மட்டும் மாற்றும். ஹெட்டைக் கழற்றாமலே செய்யலாம். பிளக் ஓட்டை வழியாகக் காற்றடித்து வால்வைப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிங்கைக் கழற்றுவார்கள். வால்வு ஆடுகிறதா என்று அப்போதே பார்க்கச் சொல்லும். ஆடினால் வால்வு ஏறி இறங்கும் கைடும் தேய்ந்திருக்கிறது, அதற்கு ஹெட்டை இறக்கி லேத்துக்குக் கொடுக்க வேண்டும்.

இழுவைக்கு: நாலாவது கியரில் போகும்போது சட்டென்று அழுத்திப் பாரும். இன்ஜின் சத்தம் ஏறி, வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட். கிளட்ச் சரியென்றால் கார்புரேட்டரைப் பாரும். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய பம்ப் டயாஃப்ரத்தையும் ரப்பர் ஹோஸையும் அது சும்மா விடாது.

அம்பை ஜென்:
கிளட்சேதான் அண்ணாச்சி. சத்தம்தான் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. சீலும் கிளட்ச் செட்டும் சேர்த்து, கேட்ட 45,000-இல் கால்வாசிதான் சொல்கிறார்கள். திங்கட்கிழமை விடுகிறேன். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டையும் மாற்றச் சொல்லட்டுமா? கடைசியாக எப்போது மாற்றினது என்று அப்பாவுக்கும் நினைவில்லை.

ஸ்பேனர் நெல்லை:
மாற்றிவிடும். வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது, கசிவு தெரிந்தால் அதையும் கையோடு முடித்துவிடும்.