குனிந்தே வேலை பார்க்கிறவளுக்கு எந்த யோகா?

ராணிப்பேட்டை தையல்காரி:
வயது 46. ஷூவின் மேல்பாகம் தைக்கிறேன். நாள் முழுக்க மெஷின் முன்னால் குனிந்தபடிதான். மாலையில் பஸ் ஏறும்போது முதல் படிக்கே இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்கிறேன்.

எங்கள் தெருவில் இரண்டு யோகா வகுப்புகள். காலை ஐந்தரைக்கு மொட்டைமாடியில் சூரிய நமஸ்காரம், மூச்சுக்கு ஓர் அசைவு, நிற்கவே விடமாட்டார்கள். மே மாதம் எங்கள் ஊர் மாடித்தளம் விடியற்காலையிலும் முந்தைய நாள் சூட்டைக் கக்கும். எட்டாவது சுற்றில் கண் இருட்டிவிட்டது. மாலை வகுப்பு நேர்மாறு: முழங்காலுக்கடியில் தலையணை, ஒரே ஆசனத்தில் ஐந்து நிமிடம். உடம்பு சும்மா கிடக்க, மனம் சீட்டுப் பணம் வரை போய்வருகிறது. “படுத்துக்கிடக்கக் காசா?” என்கிறாள் மகள். ஒன்றுக்குத்தான் என்னால் பணம் கட்ட முடியும். எதில் சேரலாம்?

காட்பாடி வாசகன்:
அக்கா, நான் ஆறு வருடமாக வேகக் கட்சி. அஷ்டாங்க வின்யாசம். திருமூலர் சொல்லும் அட்டாங்க யோகம் என்று நினைத்துவிடாதீர்கள். இது மைசூரில் பட்டாபி ஜோயிஸ் கற்பித்துப் பரப்பிய முறை. தோளும் வயிறும் தொடையும் உரம் ஏறும். ஆனால் இதிலேயே அமாவாசை, பௌர்ணமிக்கு ஓய்வு உண்டு. கண் இருட்டியும் உட்காரவிடாத வகுப்பு வேண்டாம்.

சத்துவாச்சாரி, ஓய்வுபெற்ற நர்ஸ்:
அம்மா, முதலில் ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பாருங்கள். யோகா அப்புறம்.

மாலை வகுப்பு யின் யோகா போலத் தெரிகிறது. அமெரிக்காவில் உருவானது, சீனத் தாவோ மரபின் சாயல் உண்டு. தசையைத் தளரவிட்டு மூன்று முதல் ஐந்து நிமிடம் இருந்தால் இடுப்பைச் சுற்றிய இறுக்கம் மெல்ல விடும். உங்களுக்கு அது தேவை. ஆனால் பலம் அதில் வராது. இழுப்பு வேறு, வலி வேறு. மூட்டுக்குள் சுருக்கென்றால் உடனே ஆசனத்தைக் கலைத்துவிடுங்கள். எழும்போதும் அவசரம் கூடாது.

குடியாத்தம் குறும்பன்:
ஒரு காலை மடித்து முன்னால் குனியும் புறா ஆசனத்தில் மகளை ஐந்து நிமிடம் இருக்கச் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை தையல்காரி:
எல்லோருக்கும் நன்றி. ஹீமோகுளோபின் 9.2. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருக்கிறார். இப்போதைக்கு மாலை வகுப்பு. தேறியதும் ஞாயிறுகளில் வீட்டு மின்விசிறிக்கடியில் மூன்று சுற்று சூரிய நமஸ்காரம். மகளையும் நேற்று அழைத்துப் போனேன். இரண்டாவது நிமிடத்திலேயே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.