கூர்ஸ் ஃபீல்ட் அரங்கில் ஹோம்ரன் குறைந்தது பந்தின் எடையாலா, காற்றாலா?

மலைக்காற்று எழுதியது:

வணக்கம். அமெரிக்க பேஸ்பால் ஆட்டங்களைச் சில பருவங்களாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். டென்வர் நகரின் கூர்ஸ் ஃபீல்ட் அரங்கில் 2002 முதல் பந்துகளை ஹியூமிடார் எனப்படும் ஈரப்பத அறையில் வைத்திருந்துதான் ஆட்டத்துக்கு எடுக்கிறார்கள் என்றும், அதன் பிறகு ஹோம்ரன்கள், அதாவது வேலியைத் தாண்டிப் போகும் அடிகள், குறைந்துவிட்டன என்றும் படித்தேன். காரணத்தைத் தேடினால் ஒன்றோடொன்று பொருந்தாத விளக்கங்களே கிடைக்கின்றன. ஈரம் ஏறிய பந்து கனமாகிவிடுவதால் தொலைவு போவதில்லை என்கிறார்கள் சிலர். டென்வரில் காற்று மெலிந்திருப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம், பந்தை எங்கே வைத்தால் என்ன என்கிறார்கள் வேறு சிலர். இவை போதாதென்று, புழுக்கமான இரவுகளில் காற்று கனமாக இருக்கிறது, பந்து போகாது என்று வர்ணனையாளர்கள் சொல்வதையும் அடிக்கடி கேட்கிறேன். இவற்றில் எது சரி?

இயற்பியல் வாத்தியார் எழுதியது:

கடைசியாகச் சொன்னதை முதலில் ஒதுக்கிவிடலாம். புழுக்கமான காற்று, அதே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் உள்ள வறண்ட காற்றைவிட இலேசானது. நைட்ரஜன் மூலக்கூறின் எடை 28, ஆக்சிஜன் மூலக்கூறின் எடை 32, நீர் மூலக்கூறின் எடையோ 18 மட்டுமே. ஆகவே அவ்விரண்டின் இடத்தை நீராவி பிடிக்கப் பிடிக்கக் காற்றின் அடர்த்தி குறைகிறது. பந்து பறக்கும் தொலைவில் இதனால் வரும் மாற்றம் மிகச் சிறிது. ஆனாலும் அது பந்துக்குச் சாதகமான மாற்றம், வர்ணனையாளர் சொல்வதற்கு நேர் எதிரானது.

மற்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பந்து பேட்டில் மோதும் கணம் வேறு, மோதிய பிறகு பறக்கும் சில நொடிகள் வேறு. டென்வரின் உயரம் பறத்தலை மட்டுமே பாதிக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,200 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோர நகரங்களில் இருப்பதில் சுமார் 82 விழுக்காடுதான் என்பதால் காற்றுத்தடை குறைந்து, கடல்மட்டத்தில் 400 அடி போகக்கூடிய பந்து அங்கே ஏறத்தாழ 20 அடியோ அதற்குச் சற்று மேலோ கூடுதலாகப் போகிறது. இதை எந்த ஈரப்பத அறையும் மாற்ற முடியாது.

ஈரப்பத அறை மாற்றுவது பந்தின் உள்ளே இருக்கும் கம்பளி நூலை. பேஸ்பால் பந்தின் நடுவில் தக்கையும் ரப்பரும் சேர்ந்த உருண்டை, அதைச் சுற்றிப் பல அடுக்குகளாக இறுக்கிச் சுற்றிய நூல், அதன் மேல் 108 இரட்டைத் தையல்களால் மூடிய மாட்டுத்தோல். கம்பளியும் தோலும் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொள்பவை, வறட்சியில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுபவை. ஈரம் ஏறினால் பந்து சற்றுக் கனக்கிறது, சற்றுப் பருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அதன் மீள்திறன் குறைகிறது, அதாவது மோதியபின் துள்ளித் திரும்பும் வேகம் இறங்குகிறது.

பலர் இடறுவது இங்கேதான். ஒரே வேகத்தில் புறப்பட்ட இரண்டு பந்துகளில் கனமானதைக் காற்று அவ்வளவு எளிதில் தடுத்து நிறுத்த முடியாது. எனவே பறத்தலை மட்டும் கணக்கிட்டால் ஈரப்பந்து ஓரிரு அடி கூடுதலாகவே போக வேண்டும். மேயர், போன் என்ற இரு இயற்பியலாளர்கள் இதைக் கணக்கிட்டு வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் அவை ஒரே வேகத்தில் புறப்படுவதில்லை. கனமும் துள்ளல் குறைவும் சேர்ந்து ஈரப்பந்து பேட்டை விட்டு வெளியேறும் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. ஒப்பு ஈரப்பதம் 30 விழுக்காடாக உள்ள இடத்தில் வைத்த பந்தையும் 50 விழுக்காட்டில் வைத்த பந்தையும் ஒப்பிட்டு, ஓங்கி அடித்த பந்து போகும் தொலைவு சுமார் 14 அடி சுருங்கும் என்று இயற்பியலாளர் ஆலன் நேதன் கணித்தார். வேலியை ஓரிரு முழத்தில் தாண்டும் ஹோம்ரன்கள் ஏராளம் என்பதால், 14 அடி என்பது பந்து வீசும் பிட்சருக்குப் பெரிய வரம்தான்.

ஆகவே உங்கள் கேள்விக்கு விடை: ஹோம்ரன்கள் மிகுதியாக இருந்ததற்கு மெலிந்த காற்றும் வறண்ட பந்தும் சேர்ந்தே காரணம். 2002இல் சரிசெய்யப்பட்டது இரண்டாவது மட்டுமே, அதுவும் பேட்டும் பந்தும் மோதும் கணத்தில்.

டென்வர்வாசி எழுதியது:

வாத்தியார் சொன்னதோடு உள்ளூர்ச் செய்தி ஒன்று. அரங்கின் பராமரிப்பு ஊழியர் ஒருவர் தம்முடைய தோல் காலணிகள் இந்த ஊரின் வறட்சியில் காய்ந்து சுருங்கியதைக் கண்டு, தோல் போர்த்திய பந்துகளுக்கும் இதுவே நேருமே என்று எண்ணியதிலிருந்துதான் ஈரப்பத அறை பிறந்தது என்பார்கள். பந்து தயாரிக்கும் ராலிங்ஸ் நிறுவனம் பரிந்துரைத்த 70 பாரன்ஹீட் வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும்தான் அந்த அறைக்கு வைத்த அளவு. பந்தைச் செயற்கையாக மந்தமாக்கும் சூழ்ச்சி இது என்று முணுமுணுப்பவர்கள், ராலிங்ஸ் சொன்ன நிலைக்குப் பந்தைத் திருப்புவதுதான் நோக்கம் என்பதைக் கவனிப்பதில்லை.

இன்னொன்று: ஈரப்பத அறை வந்தும் இது மற்ற அரங்குகளைப் போல் ஆகிவிடவில்லை. பந்து தொலைவு போகும் என்று முன்கூட்டியே எண்ணி வேலிகளைத் தள்ளிக் கட்டியதால் நடுத்திசையில் எல்லை 415 அடி; பந்தைப் பிடிக்க நிற்கும் களக்காவலர்கள் காக்க வேண்டிய பரப்பு மிகப் பெரிது, அவர்களுக்கு நடுவே விழும் பந்துகளும் அதிகம். வளைந்து போகும்படி பிட்சர் வீசும் கர்வ் பால் வளைவதற்கும் காற்றின் அடர்த்தி தேவை. இங்கே அது வளையத் தயங்கி, பேட்டருக்கு வாகாக வந்து நிற்கிறது. பந்தை அந்த அறைக்குள் எத்தனை நாள் வைத்தாலும் இவ்விரண்டும் தீரா. மேல்தளத்தில் ஊதா நிறம் பூசிய ஓர் இருக்கை வரிசை உண்டு. சரியாக ஒரு மைல் உயரத்தைக் குறிப்பது அது. பிட்சர்கள் அதைப் பார்க்காமலிருப்பது நல்லது.

மலைக்காற்று எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. 2022 முதல் மேஜர் லீக்கின் 30 அணிகளும் ஈரப்பத அறை வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்ததே, மயாமி போன்ற ஈரமான ஊர்களில் அதே அறை பந்தை உலர்த்தி, ஹோம்ரன்களைக் கூட்டிவிடாதா?

எண்ணும் எழுத்தும் எழுதியது:

கொள்கையளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஊரின் வானிலை அப்படியே பந்தை எட்டுவதில்லை. பந்து வாரக்கணக்கில் கிடப்பது கிடங்கறையில். அங்கே குளிர்சாதனம் ஓடினால் வெளியே எவ்வளவு புழுங்கினாலும் உள்ளே காற்று உலர்ந்திருக்கும். எந்த அரங்கில் பந்து எந்த நிலையில் இருந்தது என்று தெரியாமல், ஊர்ப் பெயரை வைத்து மட்டும் ஊகிக்க முடியாது.

தெளிவான சோதனை என்று நான் கருதுவது பீனிக்ஸ் நகரின் சேஸ் ஃபீல்ட்தான். பாலைவன நகரம், பந்து நன்றாகக் காய்ந்திருக்கும். அங்கே 2018இல் ஈரப்பத அறை அமைத்தார்கள். ஹோம்ரன் குறையும் என்று நேதன் முன்கூட்டியே எழுதினார், குறையவும் செய்தது. டென்வரிலும் 2002க்கு முன்னும் பின்னும் உள்ள பல பருவங்களை ஒப்பிட்டால் சரிவு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. 1999ஆம் ஆண்டில் மட்டும் அந்த அரங்கில் 303 ஹோம்ரன்கள் அடிக்கப்பட்டன என்பதை நினைவில் வைத்தால் சரிவின் பொருள் புரியும்.

ஈரப்பத அறையின் விளைவுக்கு 2022ஐச் சான்றாகக் காட்டுவதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். லீக் முழுவதிலும் 2019இல் 6,776, 2021இல் 5,944, 2022இல் 5,215 என ஹோம்ரன்கள் இறங்கியது உண்மை. ஆனால் 2021 பருவத்துக்கு முன்பே பந்தின் தயாரிப்பையும் மாற்றியிருந்தார்கள். இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இங்கே யாரும் அதைத் தொடவில்லை. சூடான காற்று மெலிந்தது. டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களை அலசி, 2010க்குப் பிந்தைய ஹோம்ரன்களில் 500க்கும் மேற்பட்டவை புவி வெப்பமடைதலால் கூடுதலாக வந்தவை என்று 2023இல் அறிவித்தார்கள். மொத்தத்தில் அது ஒரு விழுக்காடு அளவே. பகலில் அதிகம் ஆடும் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் பாதிப்பு மிகுதி, கூரை மூடிய அரங்குகளில் இல்லை என்றே சொல்லலாம்.

இயற்பியல் வாத்தியார் எழுதியது:

2022 பற்றிய உங்கள் எச்சரிக்கையை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: வெளியே எடுத்த பந்து ஆட்டம் முடிவதற்குள் முழுவதும் காய்ந்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது. கம்பளிச் சுற்றுகளின் உட்புறம் புதிய ஈரப்பதத்துக்கு ஏற்ப மாறப் பல நாள்கள் ஆகும். அப்படியிருக்க, அறையில் வைக்காத பந்து நடுவில் புகுந்துவிடுகிறதா என்பதே உண்மையான கவலை. 2010 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் தரப்பில் இந்த ஐயம் எழுந்தபோது, டென்வரில் பந்துகளை ஈரப்பத அறையிலிருந்து எடுப்பதை நடுவர்களே கண்காணிக்க வேண்டும் என்று லீக் நிர்வாகம் உத்தரவிட்டது.