ஆவணக் காப்பகத்தில் பார்த்ததை ஊருக்குள் எப்படிப் பேசுவது?

காவேரிப்பட்டணம் டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். போன அரைப்பரீட்சை லீவில் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு முதல்முறையாகப் போய்வந்தேன். 1909இல் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ் என்று தொடங்கிய இடம். நான் கேட்டு வாங்கியது பாரமகால் பதிவுகளின் அச்சுத் தொகுதிகள். பாரமகால் என்பது நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியின் பழைய பெயர். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து நம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. உடனே கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களும் நிலம், வரி, விளைச்சல், குடிகள் என்று எழுதிக் குவித்தார்கள். உதவியாளர்களில் ஒருவர் பின்னாளில் மெட்ராஸ் கவர்னரான தாமஸ் மன்றோ. தருமபுரியில் தங்கித்தான் வேலை பார்த்தார். தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற ஊர்களைப் பற்றி இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்குப் பென்சில் ஓடவில்லை.

ஊருக்கு வந்ததும் பொங்கல் கழித்து நூலகத்தில் ஒரு கூட்டம் போட்டேன். ப்ரொஜக்டர் வாடகைக்கு எடுத்து, ஒப்பந்தம், ஆண்டு, அதிகாரிகள் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். வந்தது பதினொரு பேர். டீ வருவதற்குள் நான்கு பேர் கிளம்பிவிட்டார்கள். கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து, “அம்மா, எங்க ஏரியைப் பத்தி அதுல ஏதாச்சும் எழுதியிருக்கா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

சென்னையில் இருப்பவர்களுக்கு ரோஜா முத்தையா நூலகம் மாதிரி இடங்களில் உரைகள் நடக்கின்றன, ஆகஸ்ட் 22 வந்தால் சென்னை தினம் என்று ஊரையே சுற்றிக் காட்டுகிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் இருநூற்றைம்பது கிலோமீட்டர் போய்க் கேட்க மாட்டார்கள். இங்கேயே நடத்த வேண்டும், அவர்களும் வாய் திறந்து பேச வேண்டும். எப்படிச் செய்யலாம்?

பாலக்கோடு ஓய்வு வி.ஏ.ஓ.:
டீச்சரம்மா, அந்தப் பெரியவர் கேட்டாரே, அதுதான் உங்கள் அடுத்த கூட்டத்தின் தலைப்பு. திப்புவும் மன்றோவும் பின்னால் வரட்டும்.

ஒரே ஒரு ஏரியை எடுங்கள். ஊர் நிலங்களைச் சர்வே எண் வாரியாக எழுதி வைக்கும் கிராமத்து ‘அ’ பதிவேட்டில் அது ஏரிப் புறம்போக்கு என்று ஒரு சர்வே எண்ணோடு இருக்கும். அந்தப் பக்கத்தையும், நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் பெரிதாக ஜெராக்ஸ் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ப்ரொஜக்டர் வேண்டாம், அது லைட்டை அணைக்க வைக்கும், இருட்டில் எவரும் பேச மாட்டார்கள். சுவரில் படம் இருந்தால் கிட்டே வந்து விரல் வைப்பார்கள். “இது எங்க கிணறு, இந்த வாய்க்கால் இப்ப இல்லை” என்று அவர்களே ஆரம்பிப்பார்கள். நான் முப்பது வருடம் பார்த்தது இது.

அப்புறம், வருகிறவர்களை வீட்டிலிருக்கும் பழைய காகிதம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒருமுறை ஒரு அம்மா மஞ்சப்பையில் சுருட்டிய பட்டா ஒன்றைக் கொண்டுவந்தார். மடித்த மடிப்பில் காகிதம் நான்காக விட்டுப்போயிருந்தது, மை பழுப்பாகி, முத்திரை மட்டும் நீலமாகத் தெரிந்தது. மாமனார் பெயரைப் படித்துச் சொன்னேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் பெயர் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார்.

இந்தப் பட்டாவிலிருந்து பாரமகாலுக்குப் போங்கள். ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் உழுகிற குடியானவனிடமே நேரடியாக வரி பேசுகிற ரயத்துவாரி முறையை ரீடும் மன்றோவும் நடத்திப் பார்த்தது நம்ம மண்ணில்தான். அந்த அம்மா பையில் இருந்த காகிதம் அதன் வாரிசு. இதைச் சொன்னால் எவரும் எழுந்து போக மாட்டார்கள்.

1980இல் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் பதவியை எடுத்தார்கள். அந்தக் குடும்பங்கள் சிலவற்றில் இன்னும் டிரங்குப் பெட்டியில் கணக்குகள் கிடக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் தெலுங்கிலோ கன்னடத்திலோ இருக்கலாம். படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை மேடையில் உட்கார வையுங்கள்.

மாங்காய் சீசனில் வைக்காதீர்கள். ஒருத்தரும் வர மாட்டார்கள்.

அரூர் ஆய்வு மாணவன்:
அக்கா, அடுத்தமுறை எழும்பூர் போகும்போது ஒன்று கவனியுங்கள். தருமபுரி மாவட்டம் பிறந்தது 1965 அக்டோபர் 2, கிருஷ்ணகிரி 2004இல்தான் பிரிந்தது. 1965க்கு முந்தைய எதைத் தேடினாலும் சேலம் மாவட்டம் என்றே கேட்க வேண்டும். எனக்கு இது தெரியாமல் இரண்டு நாள் வீணாகப் போனது. பழைய ஆங்கிலக் காகிதத்தில் ஊர்ப்பெயர் எழுத்தும் மாறும், கிருஷ்ணகிரி ‘கிஸ்ட்னகெர்ரி’ என்று இருக்கும். ஏரிகளுக்கு, மாவட்ட விவரங்களைத் தொகுத்த இரண்டு பழைய நூல்களை, 1918இல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் கெசட்டியரையும், 1883இல் வந்த லெ ஃபானுவின் சேலம் மேனுவலையும் முதலில் புரட்டுங்கள். வருவாய் வாரியக் கோப்புகளுக்கு அப்புறம் போகலாம்.

தருமபுரி பைண்டிங் கடை:
காகிதம் கொண்டுவரச் சொல்வது நல்ல யோசனை. ஆனால் வந்தவர்களிடம் முதலில் சொல்லுங்கள்: லேமினேஷன் போட வேண்டாம், செல்லோடேப் ஒட்ட வேண்டாம். போட்டால் பிரிக்க முடியாது. டேப்பின் பசை காகிதத்துக்குள் இறங்கி எழுத்தையே மஞ்சளாக்கும். வெள்ளைக் காடாத் துணியில் மடிக்காமல் விரித்து வைத்தால் போதும். படம் எடுப்பதென்றால் ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல்.

இன்னொன்று. பட்டாவை விரித்தால் பங்காளித் தகராறும் விரியும். ஒரு கூட்டத்தில் என் கண்ணெதிரே அண்ணன் தம்பி கைகலப்பு வரை போனது. “இங்கே பாத்தியதை பேச மாட்டோம், வரலாறு மட்டும்தான்” என்று தொடக்கத்திலேயே உறுதியாகச் சொல்லிவிடுங்கள். யாருடைய பத்திரத்தையும் வாட்ஸ்அப்பில் போட விடாதீர்கள்.

காவேரிப்பட்டணம் டீச்சர்:
ஐயா, தம்பி, அண்ணா, மூவருக்கும் நன்றி. பாத்தியதை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுகிறேன். இடத்தை ஏரிக்கரைப் பிள்ளையார் கோயில் மண்டபத்துக்கு மாற்றிவிட்டேன். நேற்று அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய், இந்தமுறை உங்கள் ஏரியைப் பற்றி மட்டும்தான் என்றேன். “மதகுக் கல்லுல எழுத்து மாதிரி என்னமோ இருக்கும்மா, தண்ணி இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், காட்டுறேன்” என்றார். அதுவரை தேதி குறிக்கவில்லை.