நிச்சயதார்த்த மோதிரத்தோட ஒட்டிப் போட எந்தக் கல்யாண மோதிரம்? உரசித் தேயாம இருக்கணும்

தேன்சிட்டு:

நிச்சயதார்த்த மோதிரம் 18 காரட் ஒயிட் கோல்டு, மேலே ரோடியம்ங்கிற வெள்ளை உலோகம் பூசினது. நடுவுல 1 காரட் ரவுண்டு வைரம், குறுக்களவு 6.5 மி.மீ., ஆறு நகம், அதாவது கல்லைப் பிடிக்கிற கம்பி, வெச்ச ஓப்பன் செட்டிங். வளையம் 2 மி.மீ. அகலம். கல் உயரமா நிக்காது, விரலை ஒட்டினாப்பலதான் இருக்கும். அதே விரல்ல 2 மி.மீ. பிளாட்டினம் எடர்னிட்டி, அதாவது சுத்திவர பொடி வைரம் பதிச்சது, போடலாம்னு யோசனை. பிளாட்டினம் தங்கத்தைத் தின்னுடும்னு சிலர் சொல்றாங்க. ரெண்டையும் சேர்த்துப் பற்றவெச்சுட்டா கவலையே இல்லைன்னு வேற சிலர். வாங்குறதுக்கு முன்னாடி எதை அளக்கணும், எதைப் பார்க்கணும்?

அரப்பொடி:

உலோகம் அப்புறம். எது எங்கே தொடுதுங்கிறதுதான் முதல் கேள்வி.

கல் 6.5, வளையம் 2. மீதி 4.5-ஐ ரெண்டாப் பிரிச்சா, வளையத்துக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் கல் 2.25 மி.மீ. நீட்டிக்கிட்டு இருக்கு. அப்போ நீங்க வாங்கப்போற 2 மி.மீ. மோதிரம் முழுசா கல்லுக்கு அடியிலதான் போய் உட்காரணும். அதோட அகலத்தை எல்லாரும் கேக்குறாங்க, கனத்தை, அதாவது தடிமனை, யாரும் கேக்குறதில்லை. இங்கே கனம்தான் விஷயம்.

டிஜிட்டல் வெர்னியர் எடுத்து, வளையத்தோட உள்பக்கத்துல இருந்து கல் உட்காரும் கூட்டின் அடிவிளிம்பு வரைக்கும் அளங்க. அது 2.3 வந்து, புது மோதிரத்தோட கனம் 1.8 ஆ இருந்தா தாராளம். 0.3 மி.மீ. இடைவெளியாவது மிஞ்சணும். மிஞ்சலைன்னா மோதிரம் கூட்டுல முட்டி வெளிப்பக்கம் சாயும், இல்லைன்னா நகத்தோட அடியை நாள் பூரா தள்ளிக்கிட்டே இருக்கும். நகம் அடியில தளர்ந்தா மேலே கல்லைப் பிடிக்கிற நுனியும் தளரும். வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியாது.

அளவு சரியா வந்தாலும் போட்டுப் பார்க்காம வாங்காதீங்க. அதே அகலம், அதே கனத்துல சாதா மோதிரம் ஒண்ணை மாதிரிக்குக் கேளுங்க. ரெண்டையும் போட்டு முஷ்டியை இறுக்கி மூடுங்க. விரல் சதை பிதுங்கி ரெண்டு மோதிரத்தையும் நெருக்கும். அந்த நேரத்துல ஒரு துண்டு சாதா காகிதத்தை, அது கிட்டத்தட்ட 0.1 மி.மீ. கனம், நகத்துக்கும் மோதிரத்துக்கும் நடுவுல விட்டு இழுங்க. வழுக்கிக்கிட்டு வந்தா சரி. பிடிச்சா அந்த நகம் தொடுதுன்னு அர்த்தம். ஆறு நகத்துல உங்க மோதிரப் பக்கம் இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாப் பாருங்க.

நுண்கண்:

அரப்பொடி சொன்ன அளவுகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எடர்னிட்டி மோதிரத்தில் உண்மையான ஆபத்து பிளாட்டினம் இல்லை, பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும் வைரங்கள்தான்.

சுற்றிலும் கல் வைத்த பல மோதிரங்களில், கல் நிறையத் தெரிய வேண்டும் என்று பக்கச் சுவரை வெட்டி எடுத்துவிடுவார்கள். இரண்டு கல்லுக்கு ஒரே நகம். அப்போது கல்லின் இடுப்பு விளிம்பு, அதாவது கல் அகலமாக இருக்கும் நடு விளிம்பு, உலோகக் கோட்டுக்குச் சமமாகவோ சற்று வெளியேயோ வந்து நிற்கும். வரிசையாக நிற்கும் அந்த விளிம்புகள் பக்கத்து மோதிரத்தின் மேல் அரம்போல வேலை செய்யும். உங்கள் ஒயிட் கோல்டு வளையத்தின் தோளில் முதலில் ரோடியம் போய் லேசான மஞ்சள் கோடு தெரியும், பிறகு பள்ளம் விழும். நகத்தின் பக்கவாட்டில் உரசினால் நகமே மெலியும்.

10 மடங்கு லென்ஸில் மோதிரத்தைப் பக்கவாட்டாகத் திருப்பிப் பாருங்கள். கல்லுக்கு வெளியே தொடர்ச்சியான உலோக விளிம்பு இருக்கிறதா? லென்ஸ் இல்லையென்றால் விரல் நகத்தை அந்தப் பக்கத்தில் நீளவாக்கில் இழுங்கள். தடுக்கித் தடுக்கிப் போனால் வேண்டாம். சானல் செட்டிங், அதாவது இரண்டு பக்கமும் சுவர் கட்டி நடுவில் கல்லை இறக்குவது, பாதுகாப்பானது. ஒவ்வொரு கல்லையும் சுற்றி உலோகம் மடக்கிய குளோஸ் செட்டிங்கும் அப்படியே.

வைரம் கீறல் விழாதது என்பதால் உடையாதது என்று நினைத்துவிடக்கூடாது. நான்கு திசைகளில் அது பிளவுபடக்கூடியது, இடுப்பு விளிம்பு அதிலும் பலவீனமான இடம். இரண்டு மோதிரத்திலும் வைரம் நேருக்கு நேர் மோதினால் இரண்டில் ஒன்று சிதறக்கூடும். நடுக்கல் மரகதமாகவோ ஓபலாகவோ இருந்தால் பக்கத்தில் வைர வரிசையே கூடாது என்பேன்.

கடைசியாக ஒன்று. முழு எடர்னிட்டியைப் பின்னால் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ இயலாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், வெட்டி ஒட்ட வெறும் உலோகம் எங்கும் இல்லை. பாதி வட்டம் கல், பாதி சாதா என்று எடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் விரலில் சுழன்றால் கல் அடிப்பக்கம் போய்விடும்.

சாணைக்கல்:

பிளாட்டினம் தங்கத்தைத் தின்னும் கதை பாதி உண்மை. 950 முத்திரை, அதாவது 95 சதவீத, பிளாட்டினம் 18 காரட்டை விடப் பெரிதாகக் கடினமானது இல்லை. உரசும்போது பிளாட்டினம் நசுங்கி ஒதுங்கும், எடை அவ்வளவாகக் குறையாது. தங்கம் பொடியாக உதிரும். அதனால் நஷ்டம் தங்கத்தின் கணக்கில் விழுகிறது. மெதுவாக நடக்கும் வேலை இது. 750-க்கு (18 காரட் தங்கம்) பக்கத்தில் 750, 950-க்குப் பக்கத்தில் 950 என்று போட்டால் தேய்மானம் பங்காகும், நிற்காது. 916-ஐ (22 காரட்) மட்டும் இவற்றோடு ஒட்டிப் போடாதீர்கள், அது மிருது. டங்ஸ்டன் கார்பைடு, செராமிக் எதுவானாலும் நிச்சயதார்த்த மோதிரத்துக்குப் பக்கத்தில் வரவே கூடாது. தங்கம், பிளாட்டினம் இரண்டையும் சுரண்டிவிடும், சைஸும் மாற்ற முடியாது.

தேன்சிட்டு:

ரொம்ப நன்றிங்க. அளந்துட்டேன்: கூட்டின் அடிவிளிம்பு வரைக்கும் 1.7 மி.மீ. தான். சாதா மோதிரம், 1.8 கனம், போட்டுப் பார்த்ததுல ஒரு நகத்துகிட்ட காகிதம் பிடிச்சுக்குது. கனம் குறைச்சு 1.3-ல எடர்னிட்டி செய்யச் சொல்லலாமா? இல்ல பற்றவெச்சுடலாமா?

அரப்பொடி:

1.3 வேண்டாங்க. கல்லுக்குக் குழி எடுத்தபிறகு அடியில என்ன மிஞ்சும்? மோதிரம் வளையும், வளைஞ்சா கல் கொட்டும். கல் பதிக்கணும்னா 1.7, 1.8 இருக்கணும். சாதா மோதிரத்துக்கே 1.5-க்குக் கீழே போகாதீங்க. 1.5-ன்னாலும் உங்களுக்கு மிஞ்சுற இடைவெளி 0.2 தான்.

உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நடுவுல 1.5 மி.மீ. அகலத்துல ஒரு சாதா தங்க மோதிரத்தை இடைவெளிக்குப் போட்டு, எடர்னிட்டியை அதுக்கு அப்பால தள்ளுறது. நடு மோதிரமும் 1.5 கனத்துக்கு மேல வேண்டாம்; இடைவெளி 0.2-தான்ங்கிறதால அதையும் காகிதம் விட்டுப் பார்த்தே வாங்குங்க. மூணும் சேர்ந்தா 5.5 மி.மீ. ஆயிடும், அகலம் கூடக்கூட இறுக்கமும் கூடும். 6-ஐ நெருங்கும்போது கால் சைஸ், அரை சைஸ் பெருசு தேவைப்படும். அமெரிக்க அளவுல அரை சைஸ்னா உள்விட்டத்துல 0.4 மி.மீ.

இன்னொண்ணு, கூட்டைச் சுத்தி வளைஞ்சு போற மாதிரி மோதிரம் செய்யுறது. இதுக்கு உங்க மோதிரத்தையே பத்தர்கிட்ட கொடுத்து அது மேலேயே மெழுகு வடிவம் எடுக்கணும். போட்டோ பார்த்துச் செஞ்சா சரியா வராது.

நுண்கண்:

வளைந்த மோதிரத்தில் ஒரு தொல்லை. அது தனியாகச் சுழன்றால் மேடான பகுதி நேராக நகத்தில் இடிக்கும். அந்த வகைக்கு மட்டும் பற்றவைப்பது நல்ல யோசனை. உரசல் நடப்பதே இரண்டும் தனித்தனியாக அசைவதால்தான். ஒட்டிவிட்டால் அசைவு இல்லை. ஆனால் முட்டிக்கொண்டிருக்கும் நகத்தை ஒட்டு சரி செய்யாது, அழுத்தத்தை நிரந்தரமாக்கிவிடும். இடைவெளி முதலில், ஒட்டு பிறகு.

அடிப்பக்கம் இரண்டு புள்ளிகளில் மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். நீளமாக ஒட்டினால் நாளைக்குப் பிரிப்பது கஷ்டம். லேசர் இருந்தால் சூடு அந்த இடத்தோடு நிற்கும். நெருப்பில் செய்வதானால் வைரத்துக்குப் போரிக் அமிலம் பூசாமல் வைத்தால் மேல்பரப்பு வெந்து மங்கும். உங்கள் கல் விரிசல் நிரப்பிய வைரமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அப்படியென்றால் சூடே ஆகாது. வேலை முடிந்ததும் ரோடியம் மறுபடி பூச வேண்டியிருக்கும். நடுச் சந்தில் சோப்பு தேங்கும், மெல்லிய பல் துலக்கி போகுமளவு சந்து விடச் சொல்லுங்கள்.

சாணைக்கல்:

ஒட்டாமலும் சுழற்சியை அடக்கலாம். கணு தடித்து விரலடி மெலிந்திருந்தால், வளையத்தின் உள்ளே அடிப்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு சிறு தங்கக் குண்டு வைப்பார்கள். கணுவைத் தாண்டும், அதற்கப்புறம் அவ்வளவாகத் திரும்பாது. முதலில் நிச்சயதார்த்த மோதிரத்தில் வையுங்கள், கனமான தலை அதில்தான் இருக்கிறது.