எதிர்பாராமல் வரும் அழைப்பை ஏற்பதா, தவிர்ப்பதா?

கேள்வி:
பன்னிரண்டு ஆண்டுகளாகக் கணக்குத் தணிக்கைத் துறையில் பணியாற்றும் நான், எந்த ஆண்டில் எந்தத் தேர்வை எழுதுவது, எந்தப் பதவிக்குச் செல்வது என்பதையெல்லாம் முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு வாழ்பவன். சென்ற மாதம் ரயிலில் அருகே அமர்ந்திருந்தவர், சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்த பின், தாம் நடத்தும் பயிற்சி நிலையத்தில் வார இறுதிகளில் பாடம் நடத்த வர இயலுமா என்று கேட்டார். இத்தகைய அழைப்புகள் இரண்டை, திட்டத்தில் இல்லை என்ற ஒரே காரணத்தால் முன்பு மறுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை மறுத்ததற்காக இன்றும் வருந்துகிறேன். ஆயினும், காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது போன்ற நிகழ்வை நம்பித் திசை மாறுவது சரியாகுமா?

பதில் 1:
பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் ஆய்வகத் தட்டில் 1928-இல் பூஞ்சை வளர்ந்தது தற்செயல்தான். ஆனால், பாக்டீரியாவைக் கரைக்கும் லைசோசைம் என்னும் பொருளை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கண்டறிந்திருந்தவர் என்பதால்தான், பூஞ்சையைச் சுற்றிப் பாக்டீரியா அழிந்து கிடந்ததன் பொருள் அவருக்கு உடனே விளங்கியது என்று நான் கருதுகிறேன். எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்த இயற்பியலாளர் ராண்ட்கன் 1895 நவம்பர் 8 அன்று, சற்றுத் தொலைவில் இருந்த திரை காரணமின்றி ஒளிர்வதைக் கண்டார். அதன் பிறகு ஏறத்தாழ ஏழு வாரங்கள் அதை மட்டுமே ஆராய்ந்தார். பனம்பழம் தானாக விழுந்திருக்கலாம், ஆனால் உங்களிடம் அந்த அழைப்பு வந்ததற்கு உங்களுடைய பன்னிரண்டு ஆண்டு உழைப்பும் காரணம் அல்லவா?

பதில் 2:
அந்நியர் மூலம் வந்தது என்பதற்காகத் தயங்க வேண்டாம். சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், அறிந்தவர் வழியாக வேலை பெற்றோரில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் மட்டுமே தாம் அடிக்கடி சந்திப்பவரிடமிருந்து செய்தியைப் பெற்றிருந்தனர். மற்றவர்களுக்கு அது எப்போதாவது அல்லது அரிதாகச் சந்திப்பவர் மூலமே கிடைத்தது. நெருங்கியவர்களுக்குப் பெரும்பாலும் நமக்குத் தெரிந்ததே தெரிந்திருக்கும்.

பதில் 3:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன், ஆயினும் ஓர் எச்சரிக்கை. எதிர்பாராமல் வந்த அழைப்பை நம்பி நிலையான வேலையை ஒரே நாளில் விட்டேன். எட்டு மாதங்களில் அந்த நிறுவனம் மூடப்பட்டது. துணிந்ததற்காக நான் வருந்தவில்லை. திரும்பி வருவதற்கு வழி வைத்துக்கொள்ளாததற்காகவே வருந்துகிறேன். உங்களுக்கு வந்திருப்பதோ வார இறுதிப் பணி. எதையும் இழக்காமல் சோதித்துப் பார்க்கலாம்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. முதலில் நான்கு வாரங்கள் மட்டும் வருவதாக அவரிடம் இன்று மாலை தெரிவிக்கப் போகிறேன். முன்பு என்னை அழைத்து ஏமாந்தவருக்கும் ஒரு கடிதம் எழுத எண்ணியிருக்கிறேன்.